பக்கத்துப் படகில் வைத்த பை

ஜனவரி 20, ஞாயிறு. கொச்சி

இன்றைக்கும் இட்லிதான். படகு ஆடினால் தானும் ஆடி நிமிர்ந்துகொள்ளும் அடுப்பு இது. அதில் ஓர் ஈட்டுக்கு நாலு இட்லி வீதம் வடிவு அவித்து எடுக்கிறாள். நான் குறை ஒன்றும் சொல்லவில்லை. சட்னியில் உப்பு தூக்கல் என்று மட்டும் சொன்னேன். அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் குரலே அப்படி, என்ன செய்வது? முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் கிடந்தவன். அங்கே பக்கத்தில் நிற்கிறவனிடம் ஸ்பேனர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். வடிவு என் மாமா மகள், சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரியும். இதற்குள் பழகியிருக்க வேண்டும்.

படகுக்குப் 'பொருநை' என்று பெயர் வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு அடி நீளம், ஒரு பாய்மரம், கீழே படுக்க ஓர் அறை, சமைக்க ஒரு மூலை. பாளையங்கோட்டை வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினேன். ஆகவே இப்போது எங்கள் வீடு இதுதான். பிள்ளைகள் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. முதலில் செஷல்ஸ், பிறகு ஆப்பிரிக்காவின் தென்முனை, பிறகு அந்தப் பக்கத்துக் கடல். ரிட்டையர் ஆவதற்கு முன்பே மனசுக்குள் நூறு தடவை போய் வந்த பாதை. தனியாகப் போகிற உத்தேசம் ஒரு நாளும் இருந்ததில்லை. வடிவு இல்லாத பயணம் எனக்கு எதற்கு?

அவளுக்கு இதயத்தில் கொஞ்சம் பலவீனம். நெஞ்சில் நீர் கோக்காமல் இருக்கத் தினமும் மாத்திரை போடுகிறாள். போன மாதம் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "மாத்திரையைத் தவறாமல் போட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்றார். போதாதா? வெளியே வந்ததும் வடிவு, "எங்க வேணும்னாலும்னு அவரு சொன்னது திருச்செந்தூரு, மதுரை அத்தான்" என்றாள். சிரித்தேன். போகப் போகப் பிடித்துவிடும்.


ஜனவரி 27, ஞாயிறு

குடிதண்ணீர் நிரப்பியாயிற்று. டீசல் நிரப்பியாயிற்று. அரிசி, பருப்பு, வெங்காயம், எலுமிச்சை, மூன்று ஜாடி ஊறுகாய். சாட்டிலைட் போனுக்கு நம் நாட்டில் அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. விட்டுவிட்டேன். பக்கத்தில் போகிற கப்பலோடு பேச ரேடியோ இருக்கிறது. அதற்கு மேல் ஆபத்து என்றால் அழுத்துவதற்கு ஒரு மஞ்சள் கருவி இருக்கிறது. டார்ச் லைட் அளவுதான். அழுத்தினால் நாம் இருக்கும் இடம் சாட்டிலைட் வழியாக எங்கோ ஓர் ஆபீசுக்குப் போய்விடும். வடிவிடம் காட்டினேன். "அவங்க திரும்பப் பேசுவாங்களா?" என்று கேட்டாள். பேச மாட்டார்கள், விளக்கு மட்டும் மினுக்கும் என்றேன். "அப்பம் அவங்களுக்குக் கேட்டுச்சான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

மேற்குப் பக்கம் அடுத்த படகில் வில்லெம் என்று ஒரு டச்சுக்காரர் இருக்கிறார், என் வயதுதான். அவர் படகில் தரைவிரிப்பு கூட உண்டு. சாயங்காலம் வடிவு கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு, "உங்கள் மனைவிக்குக் கடல் பிடிக்குமா?" என்று என்னிடம் கேட்டார். பிடிக்கும் என்றேன்.


ஜனவரி 30, புதன்

நாலு நாளாகவே பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இன்று காலை ஒன்பதேகாலுக்கு நல்ல நேரமாம். இன்றைக்கே கிளம்பிவிட வேண்டுமாம்.

"ஏளா, கஸ்டம்ஸ்காரன் வெள்ளிக்கிழமைதான் வாரான். ஒன் நல்ல நேரத்துக்கு அவன் சீல் குத்துவானா?"

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிங்கிய. அது ராகு காலம்லா அத்தான்?"

"கடல் வத்தி எறங்குத நேரம் அது, அப்பந்தான் படகு லேசா வெளிய போவும். ராகு வந்து தண்ணிய நிப்பாட்டுவாரா?"

"சரி, கத்தாதிய. அப்பம் பரஸ்தானமாவது வச்சிருதேன்."

பரஸ்தானம் என்பது காலத்தை ஏய்க்க நம்மவர்கள் கண்டுபிடித்த வழி. கிளம்பும் நாளில் நல்ல நேரம் அமையாவிட்டால், நல்ல நேரம் இருக்கிற முந்தைய நாளிலேயே, கூடக் கொண்டுபோகப் போகிற சாமானில் ஒன்றை எடுத்துப் போகிற திசையில் உள்ள அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். சாமான் புறப்பட்டதால் ஆளும் புறப்பட்ட மாதிரி. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை, அதை மறக்காமல் எடுத்துக்கொண்டால் சரி. எங்களுக்கு அடுத்த வீடு வில்லெம் படகு. மஞ்சள் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதேகாலுக்குப் போனாள். நானும் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு விளக்கம் சொன்னேன். "உள்ளே என்ன?" என்று கேட்டார் வில்லெம். "எங்கள் பயணம்" என்றேன். "சரி, உங்கள் பயணத்தை என் கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.


பிப்ரவரி 1, வெள்ளி. கடலில்

கிளம்பிவிட்டோம்!

காலையிலிருந்து ஓட்டம். கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், துறைமுக ஆபீஸ், சீலுக்கு மேல் சீல். கடைசித் தாள் கைக்கு வரும்போது பத்தே முக்கால். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. வில்லெம் சந்தைக்குப் போயிருந்தார், படகு பூட்டிக் கிடந்தது. அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது ஒரு குறைதான். காத்திருந்தால் அடுத்த இறக்கம் ராத்திரி, பிறகு அந்த மீன்பிடி வலைகளுக்கு நடுவே இருட்டில் யார் போவது?

கயிற்றை அவிழ்க்கும்போது வடிவு கேட்டாள், "அத்தான், பைய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. நீ கயித்தப் பிடி."

எடுக்கவில்லை. ஒரு சேலையும் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். அதற்காக ஒரு நாளை விடுவதா? இரண்டு நாள் கழித்துச் சொன்னால் சிரித்துவிடுவாள். துறைமுக வாய் தாண்டியதும் பெரிய பாயை ஏற்றினேன். காற்று வடகிழக்கு, சொல்லி வைத்தாற்போல் முதுகுப் பக்கம். என்ஜினை நிறுத்திய உடனே ஒரு அமைதி வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என்ஜின் சத்தம் இல்லாமல் கடலில் போகிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.


பிப்ரவரி 2, சனி

கரை மறைந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர். நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

வடிவு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு எழுந்து எல்லா அலமாரியையும் திறந்து மூடினாள். கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். வெங்காய மூட்டையைக் கூட நகர்த்தினாள்.

"என்னளா தேடுதே?"

நிமிர்ந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அத்தான். சேலை."

எந்தச் சேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பை விஷயம் வந்துவிடும். அவளும் விட்டுவிட்டாள். பின்பக்கம் போய் உட்கார்ந்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் ஒவ்வாமை முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்யும்.


பிப்ரவரி 4, திங்கள்

மாலத்தீவின் வடகோடியைத் தாண்டினோம். இடது பக்கம் தூரத்தில் ஒரு தீவு, தென்னை மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. வடிவு எழுந்து நின்று பார்த்தாள்.

அவளுக்காகக் கேட்டேன், "எதும் வேணுமா? நிப்பாட்டணுமா? நிப்பாட்டினா பேப்பரு, சீலுன்னு ரெண்டு நாள் போயிரும், பாத்துக்க."

"ஒங்களுக்கு எப்பிடித் தோணுது?"

"நிக்க வேண்டாம்னு தோணுது."

"அங்கன ஆசுபத்திரி, மருந்துக்கடையெல்லாம் இருக்குமா அத்தான்?"

"எதுக்கு? ஒனக்கு என்ன செய்யுது இப்பம்? கெளம்பி முழுசா நாலு நாள் ஆகல, அதுக்குள்ள ஆசுபத்திரியா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். போவம்."

பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும். வில்லெமின் பெண்டாட்டி பாதி வழியில் இறங்கிப் போய்விட்டாளாம்.

மத்தியானம் மாத்திரையைக் கத்தியால் இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். டாக்டர் குறைக்கச் சொன்னாராம். உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம்? நான் சொன்னேன் அல்லவா, கடல்காற்று நல்லது என்று.


பிப்ரவரி 6, புதன்

நல்ல காற்று. ஒரு சூரை மீன் மாட்டியது. வடிவு சைவம், நான் மட்டும் சாப்பிட்டேன். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.


பிப்ரவரி 8, வெள்ளி

வடிவு இரண்டு நாளாக உட்கார்ந்தே தூங்குகிறாள். மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, ஏறு படிக்குப் பக்கத்தில். கீழே படுத்தால் புழுக்கமாம். காற்று வாங்க ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது. கடைசியில் கடல் பிடித்துவிட்டது.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மெட்டி சதைக்குள் பதிந்துவிட்டது. கழற்றச் சொன்னேன், சோப்புப் போட்டும் வரவில்லை. "உப்புக் காத்து அத்தான், எல்லாருக்கும் வீங்கும்" என்றாள். எனக்கு வீங்கவில்லை. உட்கார்ந்தே இருந்தால் வீங்கத்தான் செய்யும், எழுந்து நட என்றேன். நாலடி நடந்துவிட்டுப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோறு நானே வடித்தேன். குழைந்துவிட்டது. அதற்கும் அவளைத்தான் திட்டினேன், பக்கத்தில் இருந்தும் சொல்லவில்லையே என்று.


பிப்ரவரி 9, சனி

காற்று நின்றுவிட்டது. பாய் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்குகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். காத்திருக்க வேண்டியதுதான்.

வடிவு பேசுவதில்லை. பேசினால் நடுவில் மூச்சு வாங்குகிறது.


பிப்ரவரி 10, ஞாயிறு

இன்று காலை அவள் மூச்சு எனக்கே கேட்டது. படகின் மறு கோடியில் இருந்தேன். ஹூக்கா குழாய்க்குள் தண்ணீர் புரளுகிற சத்தம். கப்பலில் எத்தனையோ பம்பின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவன் நான். இது என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கைப்பையைத் திறந்தேன். மாத்திரை அட்டை ஒன்று, காலியாக.

"இன்னொரு அட்டை எங்க?"

"தீந்து போச்சு அத்தான்."

"ஆறு மாசத்துக்கு வாங்கினமே! மிச்சம் எங்க வச்சே?"

"பையில."

எந்தப் பை என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை.

பை கொச்சியில் ஒரு டச்சுக்காரர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எடுத்தாச்சு என்று சொன்னது நான்.

அதன் பிறகு நான் செய்ததையும் எழுதுகிறேன். கத்தினேன். மருந்தைப் போய் எவளாவது பையில் போட்டு அடுத்தவன் படகில் வைப்பாளா, அறிவிருக்கிறதா, ராகு காலம் பார்த்தவளுக்கு இது தெரியாதா என்று. என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. நடுக்கடல், கேட்க ஓர் ஆளில்லை. கத்தி முடித்துப் பார்த்தபோது அவள் கண் மூடியிருந்தது. பதறிப் போய்த் தொட்டேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் முடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.


பிப்ரவரி 11, திங்கள்

காற்று இல்லை. இருக்கிற டீசலுக்கு மாலத்தீவுக்குப் பாதி தூரம் கூடப் போக முடியாது. செஷல்ஸ் அதைவிடத் தூரம். ரேடியோவில் மணிக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன், பதில் இல்லை. கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு கப்பலும் இல்லை.

மஞ்சள் கருவியை எடுத்து அழுத்தினேன். விளக்கு மினுக்குகிறது. யாருக்காவது கேட்டதா என்று தெரியவில்லை. அவள் அன்றைக்குக் கேட்டதும் இதைத்தான்.

ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் கடலில் கொட்டினேன். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. உப்பில்லாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள். ஒரு கப்பலையே பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டத் தெரியும் எனக்கு. இங்கே தலையணையைச் சரி செய்வதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை.


பிப்ரவரி 12, செவ்வாய்

விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கப்பல் இல்லை, காற்று இல்லை. வெயிலுக்கு அவள் மேல் பாயை இழுத்துக் கட்டி நிழல் செய்தேன். விசிறிக்கொண்டிருந்தேன்.

"துணி வச்சிருக்கக் கூடாதா வடிவு அந்தப் பையில?" என்று கேட்டேன்.

"துணி இல்லாமக்கூட... போயிருவம் அத்தான். எது இல்லாம... போக முடியாதோ... அதத்தான வைக்கணும். அப்பந்தான்... நம்ம புறப்பட்டதா ஆகும்."

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூச்சு. பேசாதே என்றேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பை இல்லன்னு எப்பம் தெரிஞ்சுது ஒனக்கு?"

"ரெண்டாம் நாளு."

"ரெண்டாம் நாளா? அன்னைக்கே சொல்லியிருந்தா திருப்பியிருப்பனே! ஒரு பகலு, ஒரு ராத்திரி, கொச்சிக்குப் போயிருக்கலாமே. ஏன் சொல்லல?"

விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா கத்துவிய."

"இதுக்காகவா சொல்லாம இருந்தே? உயிரு போற காரியத்துக்கு?"

"மாலத்தீவுல... சொல்லலாம்னுதான்... வாயத் தெறந்தேன். அப்பமும்... கத்துனிய."

கல்யாணமான நாளிலிருந்து யோசித்துப் பார்த்தேன், அவளிடம் குரலை உயர்த்தாத ஒரு நாளையாவது சொல்லிவிடலாம் என்று. லீவில் வந்த நாட்கள், கோயிலுக்குப் போன நாட்கள், அவள் அம்மா இறந்த அன்று. ஒன்றும் அகப்படவில்லை. சாவா என் சத்தமா என்று வந்தபோது அவள் சாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். வடிவு என்னைப் பார்த்துவிட்டு, "பெறகு விசிறுங்க, கை வலிக்கும்" என்றாள்.


பிப்ரவரி 13, புதன்

கப்பல் வந்தது. கருப்பு உடம்பு, ஆப்பிரிக்காவிலிருந்து கொழும்புக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகிறது. எங்கள் கருவி கூப்பிட்டதைக் கேட்டு எந்த ஆபீசோ அவர்களைத் திருப்பிவிட்டிருக்கிறது. கப்பலிலிருந்து ஒரு சின்ன மோட்டார் படகை இறக்கினார்கள். அதில் வந்த இரண்டாம் ஆபீசர் ஒரு மலையாளி, பெயர் ஜோஜி. முப்பது வயதுகூட இருக்காது. வடிவைப் பார்த்ததும் ரேடியோவில் டாக்டரிடம் கேட்டு அங்கேயே ஓர் ஊசி போட்டான். கப்பலில் மருந்து இருக்கிறதாம், ஆனால் மூன்று நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டுமாம்.

"ரெண்டு பேரும் வாங்க சார். ஆனா இந்தப் படகை விட்டுட்டு வரணும், கட்டி இழுக்கப் பற்றில்ல, முடியாது."

"விட்டுருதேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டுகளை எடுத்தேன். அப்போது வடிவு கூப்பிட்டாள்.

"அத்தான், நீங்க இருங்க."

"என்ன சொல்லுதே?"

"வீட்ட... தெறந்து போட்டுட்டு... ரெண்டு பேரும் போவமா? இது ஒண்ணுதான... நமக்கு இருக்கு. நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்க."

"வீடு கெடக்கு. ஒன்னத் தனியா விட்டுட்டு..."

"எனக்காக. ஒரு தடவ... நான் சொல்லுதக் கேளுங்க."

அவள் இப்படி என்னிடம் கேட்டதே இல்லை. நான் அவள் பேச்சைக் கேட்டதும் இல்லை. இன்றைக்குக் கேட்டேன். அவளுடைய பாஸ்போர்ட்டை மட்டும் ஜோஜி கையில் கொடுத்தேன். ஒரு படுக்கையில் வைத்துக் கட்டித் தூக்கிப் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டியிருந்ததால் திரும்ப முடிந்திருக்காது.

கப்பல் கிழக்கே போய்விட்டது. எனக்குக் காற்றும் இல்லை, கிழக்கே போக வழியும் இல்லை. சாயங்காலம் ரேடியோவில் ஜோஜியின் குரல் வந்தது. "அம்மைக்கு இப்போ கொஞ்சம் பரவாயில்ல சார். உறங்குது." அவளிடம் கொடு என்று கத்தினேன். தூங்குகிறார்கள் என்றான் மறுபடி.


பிப்ரவரி 14, வியாழன்

ரேடியோவில் வெறும் இரைச்சல். எட்டாத தூரம் போய்விட்டார்கள்.


பிப்ரவரி 17, ஞாயிறு

கொஞ்சம் காற்று. கொச்சிக்குத் திரும்ப முடியாது, எதிர்க்காற்று. ஆனால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இந்த மாதத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். இறங்கிப் போய் அதைப் பிடித்தால் மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டுத் தீவுக்குப் போய்விடலாம். அங்கே போன் இருக்கிறது.

டீத்தூளைத் தேடினேன். இந்தப் படகில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டீத்தூள் எங்கே என்று தெரியவில்லை. "ஏளா" என்று கூப்பிட்டும்விட்டேன். என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது. வெந்நீர் குடித்தேன்.


பிப்ரவரி 21, வியாழன்

பூமத்திய ரேகையைத் தாண்டினேன். இதற்கென்று பாயசம் வைக்க வேண்டும் என்று சேமியா வாங்கி வைத்திருந்தேன். ஜிபிஎஸ்ஸில் வடக்கு என்ற எழுத்து மறைந்து தெற்கு என்று வந்தது, அவ்வளவுதான்.

இந்நேரம் கொழும்பில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியும். ஜோஜிக்குத் தெரியும். அவள் தங்கை சிவகாமிக்குத் தெரிந்திருக்கும். இருக்கிறாளா இல்லையா என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். நான் மட்டும் இங்கே பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். சில நேரம் இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில், இறந்து காரியமும் முடிந்திருக்கும், நான் இன்னும் அவள் விட்டுப்போன குங்குமச் சிமிழை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. வேகமாகப் போ என்று படகைத் திட்டினேன். பாய்மரப் படகு, திட்டினால் கேட்குமா?


பிப்ரவரி 26, செவ்வாய். அட்டு

காலையில் நங்கூரம் போட்டேன். கரைக்கு இறங்குவதற்கு முன் சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் என்று ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் நிதானமாக எழுதினார்கள். நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குடியேற்ற ஆபீசரிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைத் தன் ஆபீசுக்கே கூட்டிப் போய்ப் போனைத் தந்தார். வடிவின் போன் படகில்தான் கிடக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர், திருநெல்வேலியில் சிவகாமி வீட்டு நம்பர். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லை, துறைமுகங்களிலிருந்து அதற்குத்தான் பேசுவேன்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

வடிவின் குரல்.

"யாருங்க பேசுதிய?" என்று மறுபடி கேட்டாள்.

"நாந்தான்."

"அத்தான்! கரைக்கு வந்துட்டியளா? சாப்பிட்டியளா? நல்லாயிருக்கியளா?" பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். கொழும்பு ஆஸ்பத்திரி, அங்கே ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ், சிவகாமியின் வீட்டுக்காரர் வந்து கூட்டி வந்தது, மதுரைக்கு விமானம், ஜோஜி தினமும் போன் செய்து விசாரிப்பது. ஒரே மூச்சில் சொன்னாள், எங்கும் நிற்கவில்லை. நான் அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னதில் பாதி காதில் விழவில்லை.

"படக இங்கன விட்டுட்டு நாளைக்கே வாறேன்" என்றேன். "ஒரு மாசம் அங்கன இருப்பம். ஒனக்குத் தேறினதும் பாக்கலாம்."

"வராதிய அத்தான்."

"ஏன்?"

"நான் இனிமே படகுக்கு வரல."

"சரி, படகு வேண்டாம். வித்துருதேன். பாளையங்கோட்டையில ஒரு வீடு பாப்பம், வாடகைக்கு."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இதை அவள் கவனித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"அந்த வீட்டுக்கும் வரல அத்தான். இங்கனயே இருந்துக்கிடுதேன். கோவத்துல சொல்லல. இங்கன சத்தம் இல்லாம இருக்கு. காலையில முழிச்சா நெஞ்சு அடிச்சுக்க மாட்டேங்கு. அது மருந்தாலன்னு மொதல்ல நெனச்சேன்."

"வடிவு..."

"அந்தக் கப்பலப் பாத்த ஒடனேயே தோணிட்டு. அதான் ஒங்கள இருக்கச் சொன்னேன். நீங்களும் வந்திருந்தா எனக்குச் சொல்லத் தைரியம் வந்திருக்காது."

இனிமேல் கத்த மாட்டேன் என்று சொல்ல வந்தேன். சொன்னேன். சொன்ன குரலே பெரிதாகத்தான் வந்தது. எதிரே எழுதிக்கொண்டிருந்த ஆபீசர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. வைக்கட்டா அத்தான்?" என்றாள்.

எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள். இதையும் கேட்டாள்.

வைக்காதே என்றேன். வைத்துவிட்டாள்.